சல்லடை கேட்காத கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் தப்பு செய்தவள் நான்தான். இயந்திரத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லித் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவளே நான்தானே, எந்த முகத்தோடு சொல்வது?

என் பெயர் பியூலா. கொருக்குப்பேட்டை மகளிர் கால்பந்து அணிக்குக் கோச். வடகரை லீக்கில் பன்னிரண்டு அணிகள், அதில் நாங்கள் பன்னிரண்டாவது. இன்னும் மூன்று ஆட்டங்கள்தான் பாக்கி. இரண்டிலாவது ஜெயிக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். மைதானத்தின் மூன்று பக்கமும் கண்டெய்னர் யார்டு வந்துவிட்டது. அணி போன மறுநாளே நான்காவது பக்கமாக உள்ளே வந்துவிடுவார்கள். என்னிடம் இருபத்திரண்டு பெண்கள் ஆடுகிறார்கள். அவர்களுக்கு இதைவிட்டால் வேறு மைதானம் கிடையாது.

எங்கள் நோய் என்னவென்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். பத்தாம் நம்பர் இல்லை. நடுவில் நின்று, பந்து யாருக்குப் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள். எங்கள் லில்லியின் முழங்கால் போனதிலிருந்து மற்றப் பத்துப் பேரும் பரிமாற ஆளில்லாத கல்யாணப் பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் பசி, இலையில் ஒன்றும் விழவில்லை.

ஆகவே சல்லடையிடம் கேட்டேன். லீக்கின் தேர்வு இயந்திரத்துக்கு அதுதான் பெயர். லீக் கொடுத்த பூட்ஸ் வழியாக ஊரிலுள்ள பெண்களை எல்லாம் சலித்து, உனக்கு வேண்டியவள் இவள் என்று ஒரு எண்ணைக் கொடுக்கும். எனக்கு அது கொடுத்த எண் 7714.

நேரே வீட்டுக்குப் போனேன். ரயில் பாதையை ஒட்டிய ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. பெண்ணின் பெயர் யாமினி, வயது பத்தொன்பது. அவளுடைய அண்ணன் லாரி ஓட்டப் போயிருந்தான். அண்ணன் மனைவி செவ்வந்தி கதவைத் திறந்தாள். முப்பது வயதிருக்கும். மீன் தரம் பிரிக்கும் ஷெட்டில் வேலை. நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்தால், அவளைத்தான் அணியில் எடுத்துவிட்டேனோ என்று தோன்றும்.

"அந்த பூட்ஸ்ல அப்டி இன்னாதான் கீது கோச்சம்மா? நாங்க பாட்டுக்கு அத்த கழுவி மாடில காய வெக்கிறோம்" என்றாள்.

"கழுவலாம், ஒண்ணும் ஆகாது. அடியில காது மாதிரி ஒரு சின்ன சமாச்சாரம் இருக்கு. எப்ப ஓடுறா, எப்ப திரும்புறா, பந்து எந்த நொடில கால்ல படுதுன்னு எல்லாத்தையும் கேட்டுக்கினே இருக்கும். மூணு வருஷமா கேட்டிருக்கு."

"எங்க பாப்பாவ பத்தி இன்னா சொல்லுச்சு?"

"பந்து வர்ற எடம் அவளுக்கு முன்னாடியே தெரியுதாம். நூறு தடவைல தொண்ணூத்தாறு தடவ, பந்து வந்து சேர்றப்ப அவ அங்க ரெடியா நிக்கிறாளாம். இந்த ஊர்லயே வேற யாருக்கும் அந்தக் கணக்கு வரல."

"ஆமா ஆமா, அவ கரெக்டா வந்துருவா" என்று சிரித்தாள் செவ்வந்தி.

அந்த ஒரு வார்த்தையை நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யாமினியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அவள் ஆடுவதை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு எடுத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. சட்டமே அதுதான். கண்ணால் பார்த்து ஆள் எடுத்தால் கோச்சுக்கு இரண்டு ஆண்டு தடை. எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது மாவட்டத் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் என் காலைப் பார்க்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். சரிம்மா, சொல்லி அனுப்புறோம் என்றார். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் பிறகு நான் லீக்கை எதிர்த்து நின்றேன். மனிதக் கண்ணை நம்பாதீர்கள், அது சாதியைப் பார்க்கும், நிறத்தைப் பார்க்கும், யார் வீட்டுப் பெண் என்று பார்க்கும், காலை மட்டும் கேட்கிற ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு இலவசமாக பூட்ஸ் கொடுத்தார்கள். எங்கள் பேட்டையிலிருந்தே அதன் பிறகு ஒன்பது பெண்கள் பெரிய அணிகளுக்குப் போனார்கள். அதைப் பொய்யென்று யாராவது சொன்னால் இப்போதும் சண்டைக்குப் போவேன்.

முதல் ஆட்டத்தில் யாமினியை இறக்கினேன். மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை.

அவள் சும்மா நின்றாள் என்று சொல்ல மாட்டேன். ஓடினாள் பாருங்கள், அப்படி ஓடினாள். காலி இடம் எங்கே இருந்தாலும் அங்கே போய் நின்று பந்துக்குக் காத்திருந்தாள். பந்துதான் வரவில்லை. பந்து அவளிடம் வந்தபோதோ, பஸ்ஸில் ஏறிய பிறகு எங்கே போகிறோம் என்று மறந்தவள் மாதிரி நின்றாள். ஆட்டம் முடிந்ததும் மூலையில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அன்று புல், ரெஃப்ரி, வெயில் என்று எல்லாரையும் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அவளோடு பேசலாம் என்று மறுபடி போனேன். வீட்டில் யாரும் இல்லை. பின்பக்கம், ரயில் பாதைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நீள மண்தரை உண்டு. அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாமினி ஓடினாள். எங்கிருந்தோ பந்து வந்து அவள் காலில் விழுந்தது. மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தது. யார் அனுப்புகிறார்கள் என்று தேடினேன்.

நடுவில் செவ்வந்தி நின்றாள். நைட்டிக்கு மேல் புருஷனின் பழைய சட்டை. வெறுங்கால். மீன் ஷெட்டிலிருந்து நேரே வந்தவள் போல, கையுறையைக்கூட இடுப்பில்தான் செருகியிருந்தாள். அதிகம் ஓடவே இல்லை. பந்து வரும், தட்டுவாள். வரும், தட்டுவாள். ஒரு நொடிகூட வைத்துக்கொள்ளவில்லை. தட்டுகிற நேரத்தில் அந்த இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பந்து போய்ச் சேரும்போது ஒருத்தி இருப்பாள்.

சட்டப்படி நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் பார்த்தேன்.

"ஏன்டியம்மா செவ்வந்தி, உன் பூட்ஸ் எங்க?" என்று கத்தினேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "எனக்கேது கோச்சம்மா? ரேஷன் கார்டுக்கு ஒரு ஜோடிதான குடுத்தாங்க. எங்க வூட்டுல ஒரு கார்டு. பாப்பா சின்னவ, முன்னுக்கு வர வேண்டியவ. நா கல்யாணம் ஆனவ, எனக்கு எதுக்குன்னு அவ கால் அளவ குடுத்து வாங்கிட்டோம்."

கார்டுக்கு ஒரு ஜோடி. எனக்கு மயக்கம் வராத குறைதான். ஒரு கார்டில் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று லீக்கில் யாரும் யோசிக்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள்தான். பூட்ஸ் போட்ட காலைச் சல்லடை கேட்டது. போடாத கால் அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. பந்து எங்கிருந்தோ வருகிறது, இந்தப் பெண் எப்போதும் சரியான இடத்தில் நிற்கிறாள், அப்படியென்றால் இவளுக்குத்தான் ஞானதிருஷ்டி என்று முடிவு கட்டிவிட்டது.

"அவ எங்க வருவான்னு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"அதுல இன்னா கோச்சம்மா இருக்குது? ஓடறதுக்கு முன்னாடி அவளுக்கு எடது தோள் எறங்கும். தோ அந்த ரேவதி, மூச்ச இழுத்துட்டுதான் கெளம்புவா. ஒவ்வொருத்திக்கும் ஒண்ணு இருக்குது. பாத்தா தெரியப்போவுது."

பக்கத்தில் யாமினி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் செத்துவிட்டது.

"அப்போ நா யாரு கோச்சம்மா?" என்றாள். "அந்தத் தொண்ணூத்தாறு என்னுது இல்லயா? பூட்ஸ் மாட்ட ஒரு கால் வேணும்னு என்ன வெச்சிருந்தீங்களா?"

"பாப்பா, அப்டி பேசாத" என்றாள் செவ்வந்தி. என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். "கோச்சம்மா, நீங்க இங்க வரவே இல்ல, ஒண்ணும் பாக்கவே இல்ல. அவளுக்கு வந்தத கெடுத்துடாதீங்க. வூட்டுக்கு வந்தவ நாத்தனா பொழப்புல மண்ணப் போட்டான்னு பேரு எனக்கு வேணாம்."

நான் யாமினியை உட்கார வைத்தேன். பொய் சொல்லத் தெரியாத வாய் எனக்கு, அதனாலேயே நிறையக் கெட்டிருக்கிறேன். "நீ நல்லா ஓடுற. இந்த லீக்ல உன்ன மாதிரி ஓடுறவங்க அஞ்சு பேர் இருப்பாங்க. ஆனா பத்தாம் நம்பர் நீ இல்ல, உங்க அண்ணி. நேத்து கிரவுண்டுல அது உனக்கே தெரிஞ்சிது, அதான் அழுத. அது உன் தப்பில்ல, என் தப்பு. ஆனா இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கு, ரெண்டுலயும் ஜெயிக்கணும். இருபத்திரண்டு பேருக்கு கிரவுண்டு போயிடும்."

அவள் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து லீக்கின் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சல்லடைப் பட்டியலில் இல்லாதவளை எடுக்க முடியாது. புதிதாக பூட்ஸ் வாங்கிப் பதிந்தால் ஆறு மாதம் கேட்ட பிறகுதான் எண் வரும். எங்களுக்கு இருப்பது ஆறு நாள். நாலு தடவை படித்த பிறகு ஒரு வரி கண்ணில் பட்டது. பதிவு எண் ஆளுக்கு இல்லை, கார்டுக்கு. கார்டில் பெயருள்ள எந்தப் பெண்ணும் அந்த எண்ணில் ஆடலாம். யாரோ சோம்பேறித்தனமாக எழுதிய வரி. வாழ்க அந்தச் சோம்பேறி. ஆனால் ஒரு எண்ணில் ஒருத்திதான் ஆட முடியும். செவ்வந்தி உள்ளே வந்தால் யாமினி வெளியே.

யாமினிக்குப் போன் செய்து அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன், விலகச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். கேட்டால் பாவம். கேட்காவிட்டாலும் பாவம். என்ன ஜென்மமோ.

திங்கட்கிழமை பயிற்சிக்கு இருவரும் வந்தார்கள். யாமினி கையில் பூட்ஸ். தோய்த்துக் காய வைத்திருந்தாள். செவ்வந்தியின் முன்னால் மண்டியிட்டு அவளே மாட்டிவிட்டாள். முகத்தில் சிரிப்பு கிடையாது.

"எனக்குக் கோவம் போவல அண்ணி" என்றாள். "போறப்ப போவட்டும். நீ ஆடு."

செவ்வந்தி அழுதுகொண்டே எழுந்து நின்றாள். நாலு அடி வைத்ததும் வழுக்கி விழுந்தாள். முப்பது வருஷம் வெறுங்காலாகவே இருந்த கால், விரல்கள் அகலமாக விரிந்திருந்தன. பூட்ஸுக்குள் அவை படாத பாடு பட்டன. பந்து எங்கே படுகிறது என்றே தெரியவில்லை என்று புலம்பினாள். கொப்புளம் உடைந்தது. நான் விடவில்லை. லேஸைத் தளர்த்தி, பஞ்சு வைத்து, அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் ஆட வைத்தேன். அவளும் விடுகிறவள் இல்லை. ஷெட்டில் எட்டு மணி நேரம் ஐஸில் நின்றுவிட்டு வந்து ஆடினாள்.

இரண்டாவது ஆட்டம். முதல் இருபது நிமிஷம் தடுமாறினாள், ஒரு கோல் வாங்கினோம். பிறகு கால் பூட்ஸைப் பழக்கிவிட்டது. எங்கள் பர்வீன் அதுவரை அந்த வருஷம் ஒரே ஒரு கோல் போட்ட ஸ்ட்ரைக்கர். அன்று மட்டும் இரண்டு போட்டாள். மூன்றாவதை டிஃபெண்டர் சுமதி போட்டாள், அவள் கோல் கம்பத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே அன்றுதான். மூன்றுக்கு ஒன்று. நான் பைத்தியம் மாதிரி குதித்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் லீக் அதிகாரி தணிகாசலம் மைதானத்துக்கு வந்தார். கெட்டவர் இல்லை. நாணயமானவர், அதுதான் கஷ்டம். கையில் சல்லடையின் அறிக்கை.

"மேடம், 7714-ல ஆடுன செவ்வந்திக்கு முப்பத்தொண்ணு மார்க். நாப்பதுக்குக் கீழ வந்தவங்க அடுத்த மேட்ச் ஆட முடியாது, உங்களுக்கே தெரியும்."

"சார், நாங்க ஜெயிச்சோம்."

"ஜெயிச்சீங்க. ஆனா இவங்க பதினேழு தடவை ஆளில்லாத எடத்துக்கு பந்த அனுப்பியிருக்காங்க. காலைவிட்டு பந்து போற நேரத்துல அங்க யாரும் இல்ல. அதெல்லாம் தப்பான பாஸ்னு கணக்கு. பர்வீன்தான் ஓடிப்போய் காப்பாத்தியிருக்காங்க. அவங்களுக்கு எண்பத்தெட்டு. பேசாம பர்வீனையே பத்தாம் நம்பரா போடுங்க, சல்லடையும் அதைத்தான் சொல்லுது."

"போன மாசம் பர்வீனுக்கு எவ்ளோ சார்?"

பார்த்தார். "நாப்பத்தஞ்சு."

"சுமதிக்கு?"

"அப்போ நாப்பத்திரண்டு. இப்போ எழுபது."

"மத்தவங்களுக்கு?"

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். எல்லாருக்கும் ஏறியிருந்தது. ஒருத்தி பாக்கியில்லை.

"ஒரே நாள்ல அத்தன பேருக்கும் மூளை வளந்துடுச்சா சார்? நடுவுல புதுசா வந்தது யாரு, அத யோசிக்க வேணாமா? யார் பக்கத்துல நின்னா மத்தவங்க எல்லாம் நல்லா ஆடுறாங்களோ, அவதான் சார் பத்தாம் நம்பர். அத எந்த பூட்ஸு கேக்கும்?"

தணிகாசலம் அறிக்கையை மடித்தார். "எனக்குப் புரியுது மேடம். ஆனா பியூலா மேடம் கண்ணுக்கு நல்லா ஆடுனாங்கன்னு நா எழுத முடியுமா? நாளைக்கு இன்னொரு கோச், சொந்தக்காரப் பொண்ணக் கூட்டிட்டு வந்து இதே வார்த்தைய சொல்லுவாரு. அதுக்குத்தான இந்தச் சட்டமே. முதல் கையெழுத்து உங்களுது."

நியாயமான பேச்சு. பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். யாமினியை மறுபடி இறக்குங்களேன் என்றார். இறக்கலாம், தோற்கலாம், விதிப்படி எல்லாம் சுத்தமாக இருக்கும். மறுநாளே கண்டெய்னர் உள்ளே வரும்.

"சார், பத்தொன்பதாவது விதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "மேடம், வேணாம்."

ஒரு பெண்ணைக் கண்ணால் பார்த்து எடுத்தேன் என்று கோச்சே ஒப்புக்கொண்டால், கோச்சுக்கு அன்றிலிருந்து தடை. ஆனால் மார்க் எதுவானாலும் அந்தப் பெண்ணை உடனே வெளியே அனுப்பக் கூடாது. மூன்று அதிகாரிகள் நேரில் வந்து, அவள் ஆடும் ஒரு முழு ஆட்டத்தைத் தங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும். அந்த விதியைச் சேர்க்கச் சொன்னவள் நான். யாருமே பார்க்காமல் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அன்று எனக்குப் பட்டது.

"ரெண்டு வருஷம் மேடம். உங்க வயசுக்கு இது திரும்பி வர்ற தடை இல்ல."

"தெரியும் சார். எழுதிக்கோங்க. பாத்தேன். மொதல்ல ரயில் பாதை ஓரம் முக்கால் மணி நேரம் பாத்தேன், அப்புறம் இந்த ஒரு வாரமா காலைலயும் சாயங்காலமும் பாத்தேன். பாத்துதான் எடுத்தேன்."

முப்பது வருஷமாக வேறு ஒன்றும் தெரியாதவள் நான். ஆனாலும் கையெழுத்தை அழுத்தமாகப் போட்டேன். விசிலைக் கழற்றி லில்லியிடம் கொடுத்துவிட்டு அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைசி ஆட்டத்தன்று நான் கம்பி வேலிக்கு வெளியே, டிக்கெட் எடுத்தவர்களோடு நின்றேன். பக்கத்தில் யாமினி. காலில் செருப்பு. அன்று காலையிலிருந்து அவள் என்னோடு நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வேலிக்கு உள்ளே, எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மூன்று அதிகாரிகள். நடுவில் தணிகாசலம். சல்லடை வந்ததிலிருந்து அவர்கள் யாரும் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்ததில்லையாம், அறிக்கை மட்டும்தான். முதல் பத்து நிமிஷம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிறகு பேனா நின்றுவிட்டது.

எண்பத்தேழாவது நிமிஷம் வரை ஒன்றுக்கு ஒன்று. டிரா ஆனாலும் நாங்கள் காலி. வாயைத் திறந்து கத்தக்கூட எனக்கு அனுமதி இல்லை. வேலிக் கம்பியைப் பிடித்த கை வலித்தது. பந்து செவ்வந்தியிடம் வந்தது. இடது பக்கம் இரண்டு பேர் கை தூக்கிக் கேட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வலது மூலையில் வெறும் புல்லை நோக்கித் தட்டிவிட்டாள்.

"யாருக்கு அடிக்கிறாங்க?" என்று தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அங்க யாருமே இல்லையே!"

யாமினிதான் பதில் சொன்னாள்.

"இருங்க சார், வருவாங்க" என்றாள். "எங்க அண்ணி அனுப்பிச்சா கால் தானா போயிடும். நா மூணு வருஷம் போயிருக்கேன்."

பர்வீன் வந்துவிட்டாள்.